டாரட் கார்டு வளைகிறதா, ஒட்டுகிறதா, பேச மறுக்கிறதா? கடலோர வீட்டில் சரிசெய்யும் முறை

"அக்கா, கார்டு என்மேல கோவமா இருக்கு."

ஐப்பசி பிறந்துவிட்டால் இப்படி ஒரு போனாவது எனக்கு வந்துவிடும். போன வருடம் பேசியது முத்தியால்பேட்டைத் தோழி. டாரட் என்பது படம் பார்த்துப் பலன் சொல்லும் 78 சீட்டு. அந்தச் சீட்டுக் கட்டைக் கலைக்கப் போனால் பாதியிலேயே சரிந்து விழுகிறது, எடுத்த கார்டும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். கொண்டுவரச் சொன்னேன். மேசையில் வைத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. 78 கார்டும் தோணி மாதிரி வளைந்திருந்தன. ஒன்றை எடுத்து விரலால் சுண்டினேன். புதுக் கார்டுக்கு வரும் 'டக்' சத்தம் வரவில்லை. திறந்துவைத்த டப்பாவில் கிடந்த அப்பளம்போல நமுத்துப்போயிருந்தது. நான்கு நாள் உலரவைத்து, மூன்று நாள் பாரம் ஏற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டு நன்றாகவே பேசுகிறது.

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். ஒன்பது வருடமாகக் கார்டு பார்க்கிறேன். அதில் பாதி நேரம் மற்றவர்களின் கட்டைச் சரிசெய்வதில்தான் போயிருக்கிறது. எந்தக் கோளாறு வந்தாலும் நான் பார்க்கும் வரிசை ஒன்றுதான். முதலில் காற்று, அடுத்து கை, அதற்கடுத்து கேள்வி. கார்டின் பொருள் கடைசி. கீழே உள்ளதும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

கோளாறு 1: கார்டு வளைந்துவிட்டது

கண்ணாடி மேலோ வழவழப்பான மேசை மேலோ ஒரு கார்டைப் படம் மேலே தெரிய வையுங்கள். நடு எழும்பி ஓரம் தரையைத் தொடுகிறதா, ஓரம் தூக்கி நடு தொடுகிறதா என்று பாருங்கள். கட்டின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து இரண்டிரண்டாக ஆறு கார்டை இப்படிப் பார்த்தால் போதும்.

*ஆறும் ஒரே பக்கம் வளைந்திருந்தால், மழைக்காலமும் இல்லையென்றால்:* கலைக்கும் பழக்கம்தான் காரணம். கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் வளைத்துச் 'சர்ர்' என்று கோத்துவிடுகிறவர்களுக்கு இது வரும். எப்போதும் ஒரே பக்கமாக வளைத்தால் கார்டு அந்த வளைவை மனப்பாடம் செய்துகொள்ளும். கட்டைத் திருப்பிப் பிடித்து, எதிர்ப்பக்கமாக மெதுவாகப் பத்து முறை வளைத்து விடுங்கள். இனிமேல் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். செலவு ஒன்றுமில்லை.

*ஆறும் ஒரே பக்கம், மழைக்காலம்:* காற்றின் ஈரம். பாரம் ஏற்றுவதற்கு முன்னால் உலர்த்த வேண்டும். எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். ஈரக் கார்டை அப்படியே இரண்டு புத்தகத்துக்கு நடுவே அழுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கி, பத்தே நாளில் பூசணம் பிடிக்கும். கட்டைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத டப்பாவில் தளர்வாக அடுக்கி, கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணி 30 கிராமைச் சின்னப் பையில் போட்டு வைத்து, நான்கு நாள் மூடிவையுங்கள். சுண்டிப் பார்த்துச் சத்தம் வந்த பிறகு எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து, இரண்டு தட்டையான பலகைக்கு நடுவே வைத்து, மேலே கனமான அகராதி ஒன்று, மூன்று நாள்.

சிலிக்கா வாங்கும்போது நிறம் மாறும் மணியாக வாங்குங்கள். ஆரஞ்சு நிறம் கரும்பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். நீல மணி வேண்டாம். அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்துப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சிலிக்காவுக்குப் பதிலாக அரிசி போடலாமா என்று கேட்பார்கள். அரிசி மாவுத்தூசி உதிர்க்கும், வண்டும் வரும். போடாதீர்கள்.

*ஏசி அறையில் நன்றாக இருந்து, கூடத்துக்கு வந்ததும் வளைந்தால்:* கார்டில் கோளாறு இல்லை. உலர்ந்த காற்றிலிருந்து ஈரக் காற்றுக்குத் திடீரென்று வந்த அதிர்ச்சி. டப்பாவோடு வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டப்பாவுக்குள் 45 முதல் 55 சதவீதம் காட்டினால் போதும். முழுக்க உலர்த்திவிடலாம் என்று 35-க்குக் கீழே இறக்கினால் கார்டு எதிர்ப்பக்கம் வளையும்.

*பௌர்ணமிக்கு மறுநாள் வளைந்தால்:* இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நிலா வெளிச்சத்தில் கட்டை வைத்தால் சுத்தமாகும் என்று ஏறக்குறைய எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது வேறு தட்பவெப்பத்தில் பிறந்த பழக்கம். நம் மொட்டைமாடியில் இரவு முழுக்க ஒரு பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அதன் முதுகில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு பனி. அந்தப் பனி உங்கள் கார்டின் மேலும்தான் இறங்கியிருக்கிறது. போதாததற்கு உப்புக்காற்று வேறு. சுத்தத்துக்காகக் கல் உப்புக் கிண்ணத்துக்குள் கட்டை வைப்பதும் இதே கதைதான். மழை மாதத்தில் அடுப்படி உப்பு ஜாடி அடியில் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்காத வீடு இந்தக் கரையில் இல்லை. அந்த உப்போடு காகிதத்தைச் சேர்த்து வைத்தால் என்ன ஆகும்?

நிலா வேண்டுமென்றால் கண்ணாடி ஜன்னலுக்கு உள்பக்கம், மூடிய கண்ணாடி டப்பாவில் வையுங்கள். நான் சுத்தம் என்று செய்வது வேறொன்று. மாதம் ஒருமுறை கட்டு முழுவதையும் வரிசைப்படுத்துவேன். பெரிய கார்டுகள் பூஜ்யத்திலிருந்து 21 வரை. அப்புறம் கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு குடும்பமும், ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை, பிறகு நான்கு அரண்மனைக்காரர்கள். 22-ம் 56-ம் சேர்த்து 78. கால் மணி நேரம் ஆகும். கை ஒவ்வொரு கார்டையும் தொட்டுவிடும், காணாமல் போனது தெரிந்துவிடும், நமுத்தது தெரிந்துவிடும், மனசும் அடங்கிவிடும்.

*வளைவோடு ஓரமும் இரண்டு ஏடாகப் பிரிந்திருந்தால்:* பல்குச்சி முனையில் துளி வெள்ளைப் பசை எடுத்து உள்ளே தடவி, மெழுகுத்தாள் சுற்றி ஒரு நாள் பாரம் வைக்கலாம். ஐந்தாறு கார்டு வரை இந்த வேலை தாங்கும். அதற்கு மேல் பிரிந்திருந்தால் புதுக் கட்டுதான்.

கோளாறு 2: பிசுபிசுக்கிறது, ஒன்றோடொன்று ஒட்டுகிறது

*ஓரம் மட்டும் கறுத்து, நடு சுத்தமாக இருந்தால்:* கை எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த விரல், வடை சாப்பிட்ட விரல். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். பளபளப்புப் பூச்சு இல்லாத கட்டு என்றால், ஓரக் கறுப்பை மென்மையான வெள்ளை அழிப்பானால் ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் நார் கிளம்பிவிடும்.

*மேல்பரப்பு முழுக்க மெல்லிய பசை மாதிரி இருந்தால்:* சாம்பிராணி. புகை போடும்போது அதோடு எண்ணெய்க் கரியும் போய்க் கார்டில் படிகிறது. கட்டைப் புகைக்கு நேரே காட்டாதீர்கள். அறைக்குப் புகை போட்டு, புகை அடங்கிய பிறகு கட்டை வெளியே எடுங்கள். டப்பாவில் கற்பூரமும் பாச்சை உருண்டையும் வேண்டாம்.

படிந்துவிட்டதை எடுக்க, பூச்சு உள்ள கார்டுக்கு மட்டும், நன்றாகப் பிழிந்த துணி. உடனே உலர்ந்த துணி. ஸ்பிரிட் பயன்படுத்தத் தோன்றினால் முதலில் கட்டோடு வரும் உபரி விளம்பரக் கார்டில் சோதியுங்கள். துணியில் சாயம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டால்கம் பவுடர் தூவும் யோசனையை நிறைய பேர் சொல்வார்கள். முதல் நாள் வழுக்கும். நம் ஊர் ஈரத்தில் மூன்றாம் நாள் களிம்பாகிவிடும். இரண்டு கட்டை நானே அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

கோளாறு 3: பூசணப் புள்ளி, பூச்சி அரிப்பு

பஞ்சுபோல மேலே எழும்பி நின்றால் பூசணம் உயிரோடு இருக்கிறது. மாஸ்க் போட்டுக்கொண்டு, கட்டை வெளியே கொண்டுபோய், மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அது அடுத்த புத்தக அலமாரிக்குப் போகும். காலை இளவெயிலில் கால் மணி நேரம் போதும். மத்தியான வெயில் சாயத்தைக் குடித்துவிடும். பிறகு சிலிக்கா டப்பா. பஞ்சு போய் மஞ்சள் கறை மட்டும் மிஞ்சினால், அது போகாது, அப்படியே பயன்படுத்தலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஓரத்தில் மேய்ந்தது மாதிரி அரித்திருந்தால் வெள்ளி நிறத்தில் ஓடும் இராமபாணப் பூச்சி. ஓலைச்சுவடிக்கு நம் முன்னோர் வைத்த வசம்பும் காய்ந்த வேப்பிலையும் இங்கேயும் உதவும். கார்டில் நேராகப் படாமல் சின்னத் துணி முடிச்சில் கட்டிப் போடுங்கள். கறையான் என்றால் அலமாரியை மட்டும் பார்த்துப் பயனில்லை, சுவரே பிரச்சினை. பூச்சி மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

தாத்தா காலத்துக் கட்டு, கையால் வண்ணம் தீட்டியது, விலைமதிப்புள்ளது என்றால் இதில் எதையும் நீங்களே செய்ய வேண்டாம். பழைய காகிதமும் சுவடியும் பராமரிப்பது தெரிந்தவர்கள் இருக்கும் ஊர் இது. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. விசாரித்துப் போங்கள்.

கோளாறு 4: தண்ணீரில் நனைந்துவிட்டது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த வாரம் மட்டும் என்னிடம் மூன்று கட்டு வந்தது. ஒன்று பிழைத்தது. அதை வைத்திருந்த பெண் அதைப் பிரிக்காமல், துடைக்காமல், ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தாள். மற்ற இரண்டும் 'தானாகக் காயட்டும்' என்று ஜன்னல் மேல் வைத்தவை. செங்கல்லாகி வந்தன.

*இன்னும் ஈரமாக இருந்தால்:* இப்போதே பிரியுங்கள். மூலையிலிருந்து மெதுவாக, ஒவ்வொன்றாக. சேற்றுத் தண்ணீர் என்றால் பூச்சு உள்ள கார்டை நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசலாம். வெள்ளை டிஷ்யூ தாள் நடுநடுவே வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். ஃபேன் காற்று போதும், ஹேர் டிரையர் சூடு வேண்டாம்.

*கரண்ட் இல்லை, நேரம் இல்லை, இரண்டு நாளுக்குள் காயவைக்க முடியாது என்றால்:* யார் வீட்டில் ஃப்ரீசர் ஓடுகிறதோ அங்கே வையுங்கள். உறைந்திருக்கும்வரை பூசணம் வளராது. வசதிப்படும்போது எடுத்து, பத்துப் பத்தாக இளகவிட்டுப் பிரிக்கலாம்.

*ஏற்கெனவே ஒட்டிக் காய்ந்துவிட்டால்:* கத்தி விடாதீர்கள். படம் உரிந்து அடுத்த கார்டின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அச்சில் கிடைக்கும் கட்டு என்றால் புதிது வாங்குவதுதான் மலிவு. நினைவுக்காக வேண்டுமென்றால் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர்.

கோளாறு 5: ஒரே கார்டு திரும்பத் திரும்ப வருகிறது

இதற்குத்தான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். கட்டைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

*முதலில் கணக்கு.* தினமும் மூன்று கார்டு வீதம் ஒரு வாரம் எடுக்கிறீர்கள். மொத்தம் 21. ஏதாவது ஒரு கார்டு இரண்டாம் முறை வர 93 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது ஒன்றும் திரும்பி வராத வாரம்தான் அபூர்வம்.

*அடுத்து கலைப்பு.* கையில் கட்டைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளும் சாதாரணக் கலைப்பில் கார்டுகள் கூட்டங்கூட்டமாகத்தான் நகரும். நேற்று பக்கத்தில் இருந்தவர்கள் இன்றும் பக்கத்திலேயே இருப்பார்கள். 52 சீட்டுக் கட்டு நன்றாகக் கலைய விரலால் கோக்கும் முறையில் ஏழு தடவை வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நம்முடையது 78, அதனால் இன்னும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது தரையில் துணி விரித்து, எல்லாக் கார்டையும் கவிழ்த்துப் பரப்பி, கல்யாண வீட்டில் சோறு ஆறவிடுவதுபோல இரண்டு கையாலும் ஒரு நிமிடம் அளைவது. குழந்தைகளும் வயதானவர்களும் சுலபமாகச் செய்யலாம். ஓரமும் தேயாது.

*அப்புறம் அந்தக் கார்டு.* கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரித்து, விரலால் தடவுங்கள். வளைந்த கார்டு, மூலை மடிந்த கார்டு, எண்ணெய்க் கை பட்ட கார்டு தனியாகத் தட்டுப்படும். கட்டை இரண்டாகப் பிரித்து வெட்டும்போது எப்போதும் அங்கேயேதான் பிரியும். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு மாதம் முழுக்க, இடி விழுந்த கோபுரம் உள்ள 'கோபுரம்' கார்டே வந்துகொண்டிருந்தது. வேலை போய்விடுமோ என்று சாப்பிடாமல் கிடந்தாள். கார்டைப் பார்த்தால் கீழ் ஓரத்தில் நகம் பட்டு ஒரு சின்னப் பிசிறு. அதை நகவெட்டி அரத்தால் லேசாகத் தேய்த்துவிட்டேன். அதன்பிறகு மூன்று வாரம் அது வரவில்லை.

மூன்றையும் பார்த்து, மூன்றும் இல்லையென்றால், சரி, அந்தக் கார்டோடு உட்காருங்கள். இப்போது அது சொல்வதைக் கேட்க நேரம் ஒதுக்கலாம்.

கோளாறு 6: கார்டு எடுத்தேன், ஒன்றும் தோன்றவில்லை

*ஆமா-இல்லையா கேள்வி கேட்டிருந்தால்:* கேள்வியை மாற்றுங்கள். "இந்த வேலை கிடைக்குமா?" என்பதற்குப் படம் என்ன சொல்லும்? "நேர்காணலுக்கு முன் நான் எதைக் கவனிக்காமல் இருக்கிறேன்?" என்றால் படத்துக்கு வாய் திறக்க இடம் கிடைக்கும்.

*அதே கேள்வியை இன்று மூன்றாம் முறை கேட்டிருந்தால்:* கட்டை மூடுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு மாதம் இடைவெளி என்பது என் வீட்டு விதி.

*பொருளை மனப்பாடம் செய்து, அது மறந்துபோயிருந்தால்:* பெரும்பாலும் இதுதான் காரணம். சின்ன வயதில் கடலூர் சில்வர் பீச்சில் கிளி ஜோசியரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கிளி எடுத்த அட்டையைப் பிரித்ததும் அவர் பலனுக்குப் போகமாட்டார். முதலில் படத்தைச் சொல்வார். யார் வந்திருக்கிறார், கையில் என்ன, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் யார். அதைச் சொல்லச் சொல்லத்தான் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறும். அங்கிருந்துதான் அவர் பலனைப் பிடிப்பார். எனக்கு டாரட் கற்றுக்கொடுத்த முதல் ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். 1909-இல் வந்த, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர்-வெயிட் என்ற கட்டில் வாள் குடும்பத்து ஆறாம் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படகு. முக்காடு போட்ட ஒரு பெண், பக்கத்தில் ஒரு பிள்ளை, இருவரும் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஒருவர் கழி ஊன்றித் தள்ளுகிறார். படகின் ஒரு பக்கம் தண்ணீர் நெளிநெளியாக, மறுபக்கம் அலுங்காமல். ஆறு வாளும் படகுக்குள்ளேயே குத்தி நிற்கின்றன. இதை ஒரு மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்குக் காட்டினேன். புத்தகம் சொல்லும் 'துயரத்திலிருந்து விலகிப் பயணம்' எல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. "அந்த வாளைப் பிடுங்கினா படகுல தண்ணி ஏறிடும்ல, அதான் அப்படியே விட்டிருக்காங்க" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அண்ணன் வாங்கிய கடனைப் பற்றித் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

ஆக, பொருள் புத்தகத்தை மூடிவைத்து, படத்தில் தெரிவதை ஐந்து வாக்கியமாகச் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் தூக்கம் போதவில்லை என்று வைத்துக்கொண்டு படுத்துவிடுங்கள்.

கோளாறு 7: பாதிக் கார்டு தலைகீழாக வருகிறது

தரையில் அளைந்து கலைத்தால் அப்படித்தான் வரும். தலைகீழுக்குத் தனிப் பலன் படிப்பதா, நிமிர்த்தி வைப்பதா என்று கலைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். கார்டைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் பிடித்த பதிலைத்தான் எடுப்பீர்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் நிமிர்த்தியே படிக்கலாம்.

கோளாறு 8: வாங்கிய கட்டில் படங்களே வேறு மாதிரி

*ஹார்ட்டின், ஸ்பேடு என்று சாதாரணச் சீட்டுக் குறிகள் இருந்தால்:* கையில் இருப்பது பிரான்சில் இன்றும் விளையாடும் டாரட் சீட்டு. அதுவும் 78 தான், அதனால் குழப்பம் வரும். டாரட் 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வடக்கே சீட்டு விளையாட்டாகத்தான் தொடங்கியது. கார்டில் பலன் பார்ப்பது அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. பழைய பிரெஞ்சுக் குடும்பங்கள் இருந்த ஊர் என்பதால் இப்படிப்பட்ட கட்டு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. ரீடிங், அதாவது பலன் பார்ப்பது, பழக அது வேண்டாம், நான்கு பேர் சேர்ந்தால் விளையாடலாம்.

*சின்னக் கார்டுகளில் ஆட்கள் இல்லாமல் ஐந்து கோப்பை, ஏழு வாள் என்று எண்ணிக்கை மட்டும் இருந்தால்:* மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகை. நல்ல கட்டு, ஆனால் தொடக்கத்துக்குக் கடினம்.

*படம் மங்கல், மெல்லிசு, பெயிண்ட் நெடி, கையேட்டுக்குப் பதில் ஸ்கேன் செய்யும் கட்டம் மட்டும்:* போலி. திருப்பிக் கொடுங்கள். இந்தக் காற்றில் அது ஒரு மழைக்குத் தாங்காது.

கோளாறு 9: பத்து நாளில் பழக்கம் விட்டுப்போகிறது

*பத்துக் கார்டு பரப்பி ஆரம்பித்திருந்தால்:* ஒன்றுக்கு வாருங்கள். காலையில் ஒரு கார்டு, மூன்று வரி. என்ன தெரிந்தது, என்ன நினைத்தேன், இரவில் என்ன நடந்தது. மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள், படிப்பு முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது. என் நோட்டில் 'சாவு' கார்டு 31 முறை வந்திருக்கிறது. அந்த நாட்களின் இரவு வரியில் ஒரு சாவும் இல்லை. வீடு மாறியது இருக்கிறது, தலைமுடி வெட்டிக்கொண்டது இருக்கிறது, சிலிண்டர் தீர்ந்தது இருக்கிறது.

*தனி இடம் இல்லையென்றால்:* கூட்டுக் குடும்பத்தில் அறை கேட்டு அலையாதீர்கள். தட்டு அளவுக்கு ஒரு துணி போதும். வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து, பால்காரர் வருவதற்குள் கிடைக்கும் பத்து நிமிடம் எனக்குப் பல வருடம் போதுமானதாக இருந்தது.

*வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்றால்:* ஒளித்து வைத்துச் செய்யாதீர்கள், அந்தப் பதற்றம் ரீடிங்கில் தெரியும். என் மாமியாருக்கு முதலில் பிடிக்கவே இல்லை. ஒருநாள் படங்களை மட்டும் காட்டினேன். 'பேரரசி'யைப் பார்த்து, "வயல்ல உக்காந்திருக்கா, அறுப்புக்கு வந்திருக்காளா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை. பூஜை அறைக்குள் வைக்காதே என்று மட்டும் சொன்னார், வைப்பதில்லை.

கோளாறு 10: பயம் போகவில்லை

'சாவு' 13, 'பிசாசு' 15, 'கோபுரம்' 16. இந்த மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோளாறு 6-இல் சொன்னபடி படத்தைச் சொல்லுங்கள். 13-இல் குதிரைக்குப் பின்னால் தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன் இருப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? குதிரைக்கு முன்னால் மண்டியிட்டிருக்கும் குழந்தை பயப்படாமல் நிமிர்ந்து பார்ப்பதை?

இதைச் செய்த பிறகும் கார்டு பார்க்காமல் வெளியே போக முடியவில்லை, ஒரு நாளில் பத்து முறை எடுக்கிறீர்கள், தூக்கம் போய்விட்டது, உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் வருகிறது என்றால் கட்டை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

கோளாறு 11: மற்றவர்களுக்குப் பார்க்கும்போது கை நடுங்குகிறது

அந்த நடுக்கம் நல்லது, அதை வைத்துக்கொள்ளுங்கள். நோய், கர்ப்பம், சாவு, வழக்குத் தீர்ப்பு இந்த நான்குக்கும் கார்டு எடுக்க மாட்டேன் என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். வழக்கு என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. வீட்டில் அடி வாங்கும் பெண் என்றால் 181. இரண்டு எண்ணும் என் டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலை, எங்கள் தெருவில் பூ கட்டும் அம்மா வந்தார். நான் துணியை விரித்துக் கலைக்க ஆரம்பித்திருந்தேன். "மார்ல ஒரு கட்டி இருக்குமா, வலிக்கல. அது நல்லதா கெட்டதான்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்றார். எத்தனை மாதமாக என்று கேட்டேன். தைப் பொங்கலில் இருந்து என்றார். அப்போது ஆடி மாதம். கலைத்த கட்டை அப்படியே சேர்த்து டப்பாவில் போட்டு மூடினேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு ஜிப்மர் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினேன்.